குறைந்த செலவில் ஹெச்.டி.ஆர் வீடியோ: எதைக் கொடுத்து எதை வாங்குவது?

கல்லூரிக் குறும்படங்களில் அடிக்கடி வரும் ஒரு காட்சி. நாயகன் ஜன்னலோரம் உட்கார்ந்து சோகமாக வெளியே பார்க்கிறான். முகம் நன்றாகத் தெரிகிறது. ஆனால் ஜன்னல் வெறும் வெள்ளைச் சதுரமாகிவிட்டது. வெளியே இருப்பது தென்னை மரமா, பக்கத்து வீட்டு மொட்டை மாடியா, அல்லது நாயகி நடந்து போகிறாளா... எதுவும் தெரியாது. சரி என்று ஜன்னலுக்காக எக்ஸ்போஷரைக் குறைத்தால் தென்னை மரம் பளிச்சென்று வரும், நாயகன் இருட்டில் கரைந்துவிடுவான். சோகம் மட்டும் கொஞ்சம் கூடியிருக்கும் :-)

இந்த இடத்தில் யூனிட்டில் யாராவது ஒருவர் தீர்ப்பு சொல்வார். "கேமரா சரியில்ல மச்சி. ஹெச்.டி.ஆர் எடுக்கிற கேமராவா வாங்கணும்." அங்கிருந்து கதை நேராக மாதத் தவணையில் போய் நிற்கும். படம் முடிந்து, பரிசு கிடைக்காமல், படிப்பும் முடிந்த பிறகும் தவணை மட்டும் முடியாது.

இந்தக் கட்டுரை அந்தத் தீர்ப்புக்கு எதிரானது. ஹெச்.டி.ஆர் வீடியோ என்பது பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இல்லை. அது ஒரு பண்டமாற்று. காசு கொடுத்தால் ஒரு வழி. காசு இல்லையென்றால் வெளிச்சத்தையோ, நேரத்தையோ, படத்தின் நுணுக்கத்தையோ, உடல் உழைப்பையோ கொடுக்க வேண்டும். எதையும் கொடுக்காமல் வாங்க முடியாது. எடுக்கப்போகும் காட்சி எதைக் கொடுத்தால் தாங்கும் என்று தெரிந்துகொள்வதுதான் இதில் உண்மையான வித்தை. அதைக் கற்றுக்கொள்ள தவணை தேவையில்லை.

முதலில் கொஞ்சம் கணக்கு

டைனமிக் ரேஞ்ச் என்பது ஒரு கேமரா ஒரே நேரத்தில் பிடிக்கக்கூடிய மிக அதிக வெளிச்சத்துக்கும் மிகக் குறைந்த வெளிச்சத்துக்கும் உள்ள விகிதம். இதை "ஸ்டாப்" கணக்கில் சொல்வார்கள். ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு. 10 ஸ்டாப் என்றால் இரண்டைப் பத்து முறை பெருக்க வேண்டும், அதாவது 1024 மடங்கு. 14 ஸ்டாப் என்றால் 16,384 மடங்கு.

இப்போது அந்த ஜன்னலுக்கு வரலாம். உச்சி வெயிலில் வெளியே சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ஜன்னலிலிருந்து கொஞ்சம் தள்ளி, அறைக்குள் 100 லக்ஸ் இருந்தால் பெரிது. ஆயிரம் மடங்கு வித்தியாசம், அதாவது 10 ஸ்டாப். இது வெளிச்சத்தின் வித்தியாசம் மட்டும்தான். ஒரே வெளிச்சத்தில் வெள்ளைச் சட்டைக்கும் கறுப்பு முடிக்கும் இடையே இன்னும் 4, 5 ஸ்டாப் இருக்கிறது. மொத்தம் 14, 15 ஸ்டாப். ஆனால் 2008-லிருந்து மாணவர்கள் கையில் புழங்கிய கேனன் 5 டி மார்க் 2, 550 டி போன்ற கேமராக்களின் சென்சார் பிடிப்பது சுமார் 11 ஸ்டாப்தான். மீதி எங்கே போகும்? ஒன்று, வெள்ளையாக வெந்துபோகும். இல்லையென்றால் இருட்டில் புள்ளி புள்ளியாகப் போகும்.

இதில் ஒரு வித்தியாசம் முக்கியமானது. சென்சாரில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் மழையில் வைத்த டம்ளர் மாதிரி. நிறைந்துவிட்டால் அதற்கு மேல் எவ்வளவு மழை பெய்தாலும் வழிந்துதான் போகும். எவ்வளவு வழிந்தது என்று டம்ளரைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே வெந்துபோன வெள்ளையை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நிழலில் இருப்பதோ வேறு கதை. அங்கே டம்ளரின் அடியில் நாலு சொட்டு இருக்கிறது. அழுக்கோடு இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

புகைப்படக்காரர்களுக்கு இது பழைய பிரச்சினை. 1850-களிலேயே பிரான்ஸில் குஸ்தாவ் லெ கிரே என்பவர் கடற்காட்சிகளுக்கு வானத்தைத் தனி நெகட்டிவிலும் கடலைத் தனி நெகட்டிவிலும் எடுத்து ஒரே படமாக அச்சிட்டிருக்கிறார். டிஜிட்டலில் 1997-ல் பால் டெபெவெக், ஜிதேந்திர மாலிக் இருவரும் வெவ்வேறு எக்ஸ்போஷரில் எடுத்த படங்களிலிருந்து காட்சியின் உண்மையான ஒளி அளவுகளைக் கணக்கிடும் முறையை வெளியிட்டார்கள். ட்ரைபாடில் கேமராவை வைத்து மூன்று படம் எடுத்து ஒன்றாக்கும் இன்றைய பழக்கத்துக்கு அடிப்படை அதுதான்.

வீடியோவில் இந்த வசதி கிடையாது. நொடிக்கு 25 ஃப்ரேம். முதல் படத்துக்கும் மூன்றாவது படத்துக்கும் நடுவில் நாயகன் தலையைத் திருப்பிவிடுவான். ஒரே கணத்தை இரண்டு எக்ஸ்போஷரில் பிடிப்பது எப்படி? இந்த ஒரு கேள்விக்குத்தான் பல வருடங்களாகப் பலர் பல விதமாகப் பதில் தேடியிருக்கிறார்கள்.

ஒளியைக் கொடுப்பது

2010 செப்டம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவைச் சேர்ந்த சோவியத் மான்டாஜ் என்ற குழு ஒரு வீடியோவை வெளியிட்டது. இரண்டு கேனன் 5 டி மார்க் 2 கேமராக்கள். நடுவில் ஒரு பீம் ஸ்ப்ளிட்டர், அதாவது பாதி ஒளியை நேராக விட்டு மீதிப் பாதியைப் பக்கவாட்டில் திருப்பும் கண்ணாடி. இரண்டு கேமராவும் ஒரே காட்சியை ஒரே கோணத்தில் பார்க்கும். ஒன்று ஓவர் எக்ஸ்போஷர், இன்னொன்று அண்டர் எக்ஸ்போஷர். இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்தால் ஹெச்.டி.ஆர் வீடியோ. டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் வீடியோ எடுப்பதே அப்போது புதுசு. இணையத்தில் அந்த வீடியோ பரபரப்பாகச் சுற்றி வந்தது.

யோசனை அருமை. விலை என்ன? முதலில் காசு. வெளிவந்தபோது 2,699 டாலர் விலை வைத்த கேமரா இரண்டு வேண்டும். சினிமா கேமராவோடு ஒப்பிட்டால் மலிவு, மாணவனோடு ஒப்பிட்டால் இல்லை. இரண்டாவது, கண்ணாடி ஒளியைப் பிரிப்பதால் ஒவ்வொரு கேமராவுக்கும் பாதி ஒளிதான், அதாவது ஒரு ஸ்டாப் நஷ்டம். மூன்றாவது, இரண்டு லென்ஸும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கேமராவும் ஒரே கணத்தில் ஃப்ரேமைத் தொடங்கவும் வேண்டும். அந்தக் கேமராக்களில் அப்படி இரண்டை ஒன்றோடொன்று பூட்டும் வசதி இல்லை. வேகமான அசைவு வந்தால் ஓரங்கள் பிசகும்.

அடுத்த வருடமே, 2011-ல், டோச்சி என்ற ஆய்வாளரும் சகாக்களும் சிக்கிராஃப் மாநாட்டில் ஒரே லென்ஸுக்குப் பின்னால் ஒளியை மூன்று சென்சார்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் கேமரா அமைப்பைக் காட்டினார்கள். கிட்டத்தட்ட எல்லா ஒளியும் ஏதாவது ஒரு சென்சாருக்குப் போய்ச் சேரும்படியான அமைப்பு. இரண்டு கேமராக்களைக் கட்டி வைத்த குழு சந்தித்த சிக்கல்களுக்கு அதில் பதில் இருந்தது. ஆனால் அது ஆய்வகத்துக்காகத் தனியாகக் கட்டிய கருவி. கடையில் கிடைக்காது.

நேரத்தைக் கொடுப்பது

இரண்டாவது வழி ஒரே கேமராவில். ஒரு ஃப்ரேம் இருட்டுக்கு, அடுத்த ஃப்ரேம் வெளிச்சத்துக்கு, மறுபடி இருட்டுக்கு என்று மாற்றி மாற்றி எடுப்பது. 2003-லேயே மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவைச் சேர்ந்த சிங் பிங் காங் குழுவினர் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். அடுத்தடுத்த ஃப்ரேம்களுக்கு இடையே எது எங்கே நகர்ந்தது என்று கணக்குப் போட்டு, பொருத்தி, ஒன்றாக்கினார்கள்.

இதைச் சாதாரண மக்களின் கைக்குக் கொண்டுவந்தது மேஜிக் லேண்டர்ன். 2009-ல் ட்ராமெல் ஹட்சன் என்பவர் கேனன் 5 டி மார்க் 2-வுக்காகத் தொடங்கிய இலவச மென்பொருள் அது. மெமரி கார்டில் போட்டுவிட்டால், கேனன் தராத வசதிகளெல்லாம் கேமராவில் முளைக்கும். தொடக்கத்தில் ஒலி அளவைப் பார்க்கும் மீட்டர், வெந்துபோகும் இடத்தைக் காட்டும் வரிக்கோடு போன்றவைதான் இருந்தன. பிறகு ஆர்வலர்கள் சேரச் சேர மலிவான 550 டி, 600 டி-க்கும் வந்தது. ஹெச்.டி.ஆர் வீடியோவும் வந்தது. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் ஐ.எஸ்.ஓ-வை மாற்றிக்கொண்டே போவதுதான் அதன் வேலை. கம்பெனி விற்கும்போது கொடுக்காத ஒன்றைப் பயனர்களே உட்கார்ந்து எழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது சின்ன விஷயமில்லை.

இங்கே விலை? நேரம். இரண்டு ஃப்ரேம் சேர்ந்து ஒரு ஃப்ரேம் ஆவதால் வேகம் பாதியாகிவிடும். கடைசியில் 25 வேண்டுமென்றால் 50-ல் எடுக்க வேண்டும். அந்தக் கேமராக்களில் 50 என்றால் 1080 கிடையாது, 720-க்கு இறங்க வேண்டும். அதோடு இரண்டு ஃப்ரேமுக்கும் நடுவே ஐம்பதில் ஒரு பங்கு நொடி இடைவெளி. மலை, கோயில் கோபுரம், மேகம் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் ஆடுகிற கை, ஓடுகிற பைக் என்றால் விளிம்பில் பேய் மாதிரி இன்னொரு கை, இன்னொரு பைக். இரவு முழுக்க கம்ப்யூட்டரை ஓடவிட்டு காலையில் எழுந்து பார்த்தால் நாயகனுக்கு மூன்று கை இருக்கும் :-)

நுணுக்கத்தைக் கொடுப்பது

2013-ல் அதே மேஜிக் லேண்டர்ன் கூட்டத்திலிருந்து இன்னொரு யோசனை வந்தது. டூயல் ஐ.எஸ்.ஓ. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றாமல், ஒரே ஃப்ரேமுக்குள் வரிக்கு வரி மாற்றுவது. சென்சாரின் இரண்டு வரிகள் ஐ.எஸ்.ஓ 100-ல், அடுத்த இரண்டு வரிகள் 1600-ல் என்று படிக்கப்படும். ஒரே கணம், ஒரே ஷட்டர் என்பதால் பேய்க் கைகள் வராது. சுமார் 3 ஸ்டாப் கூடுதலாகக் கிடைத்தது. அதே வருடம் ரா வீடியோவும் அந்த மென்பொருளில் வந்ததால் இதை வீடியோவிலும் பயன்படுத்த முடிந்தது.

இங்கே கொடுப்பது ரெசல்யூஷனை. மிக வெளிச்சமான இடத்தில் பாதி வரிகளுக்குத்தான் தகவல் உண்டு, மிக இருட்டான இடத்திலும் அப்படியே. மெல்லிய கோடுகள், கம்பி வலை, புடவை ஜரிகை போன்றவற்றில் படிக்கட்டு மாதிரி பிசிறும் அலை அலையான கோலமும் வரும். முகத்தின் குளோசப் தாங்கும். செங்கல் சுவரின் லாங் ஷாட் தாங்காது.

மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒளி, நேரம், நுணுக்கம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைக் கேட்கிறது. எந்த வழியும் "சிறந்த" வழி இல்லை. ஆடாத காட்சிக்கு நேரத்தைக் கொடுக்கலாம். நுணுக்கம் தேவைப்படாத காட்சிக்கு வரிகளைக் கொடுக்கலாம். காட்சியைப் பார்க்காமல் கருவியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்கு எந்தக் கேமராவும் போதாது.

காசைக் கொடுப்பது

காசு இருந்தால் என்ன கிடைக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2010-ல் வந்த ஆரி அலெக்ஸா கேமரா, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியையும் ஒரே நேரத்தில் இரண்டு விதப் பெருக்கத்தில் படித்து ஒன்றாக்குகிறது. ஒளியைப் பாதியாக்காமல், நேர இடைவெளி இல்லாமல், வரிகளை இழக்காமல் 14 ஸ்டாப். சினிமாக்காரர்கள் ஃபிலிமை விட்டு டிஜிட்டலுக்கு மனம் மாறியதில் அந்தக் கேமராவுக்குப் பெரிய பங்குண்டு. விலை? பல லட்சங்கள்.

ஆனால் அந்தத் தொழில்நுட்பம் மேலேயே நிற்கவில்லை. 2013-ல் பிளாக்மேஜிக் நிறுவனம் 995 டாலருக்கு 13 ஸ்டாப் என்று சொல்லி ஒரு பாக்கெட் கேமராவைக் கொண்டுவந்தது. 2018-ல் 1,295 டாலருக்கு அதன் 4 கே பதிப்பு. 2022-ல் வந்த பானசானிக் ஜி.ஹெச் 6-ல் அலெக்ஸா மாதிரியே இரண்டு பெருக்கத்தில் படிக்கும் வசதி இருக்கிறது. அதிலும் ஒரு சின்ன வரி உண்டு. அந்த வசதியைப் போட்டால் குறைந்தபட்ச ஐ.எஸ்.ஓ உயர்ந்துவிடும். பட்டப்பகலில் லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போல என்.டி. ஃபில்டர் மாட்டியே தீர வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் எழும். "பழைய கேமராவில் தலைகீழாக நின்று தண்ணி குடிப்பதற்குப் பதில், காசைப் போட்டு நல்ல கேமரா வாங்கிவிட்டுப் போவதுதானே?" கல்யாண வீடியோ எடுப்பவருக்கும் செய்திக்காக ஓடுபவருக்கும் இந்த வாதம் முழுக்கச் சரி. தாலி கட்டும்போது "ஒரு நிமிஷம், வெயில் தாழட்டும்" என்று சொல்ல முடியாது. அவர்களுக்கு ரேஞ்ச் என்பது சோறு. அதற்குச் செலவழிப்பது முதலீடு. ஆனால் குறும்படம் எடுக்கும் மாணவர்களின் நிலை வேறு. காட்சி எங்கே, எப்போது, எந்தப் பக்கம் பார்த்து என்று முடிவு செய்வது அவர்களே. அந்த அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேமராவைக் குறை சொல்வது சரியில்லை. நல்ல கேமரா உண்மையிலேயே தேவைப்படும் இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுக்கலாம். சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் அதற்கென்றே கடைகள் இருக்கின்றன.

செல்போன் செய்யும் உதவியும் உபத்திரவமும்

"இப்பதான் போனே ஹெச்.டி.ஆர் எடுக்குதே?" எடுக்கிறது. 2020-ல் வந்த ஐபோன் 12, 10 பிட்டில் டால்பி விஷன் ஹெச்.டி.ஆர் வீடியோவை நேராகப் பதிவு செய்தது. சில வருடங்களுக்கு முன் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த விஷயம் அது. 2023-ல் பிளாக்மேஜிக் ஒரு கேமரா செயலியை ஐபோனுக்கு இலவசமாகவே கொடுத்தது, 2024-ல் ஆண்ட்ராய்டுக்கும் வந்தது. மலிவான வழி என்றால் இன்று இதுதான் முதல் வழி.

ஆனால் இங்கேயும் ஒன்றைக் கொடுக்கிறோம். முடிவெடுக்கும் உரிமை. ஆட்டோவில் விட்டால் எந்த இடத்தைத் தூக்க வேண்டும், எதை இறக்க வேண்டும் என்பதை போனே தீர்மானிக்கிறது. இருட்டு வேண்டும் என்று யோசித்து வைத்த மூலையை அது வெளிச்சமாக்கும். நாயகன் ஜன்னலைக் கடக்கும்போது மொத்தப் படமும் ஒரு முறை மூச்சு விட்டது போல ஏறி இறங்கும். ஒரு முறை பதிவாகிவிட்டால் அந்த ஏற்ற இறக்கத்தைப் பிறகு எடுப்பது பெரும்பாடு. இதற்கு மருந்து சுலபம். எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள். முடிந்தால் செயலியில் ஷட்டர், ஐ.எஸ்.ஓ இரண்டையும் கையால் வையுங்கள்.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. உச்சி வெயிலில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒரு கறுத்த மனிதர் நிற்கிறார் என்று வையுங்கள். துணி தன் மேல் விழும் ஒளியில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பும். முகம் 10 சதவீதம் அனுப்பினால் அதிகம். அங்கேயே 3 ஸ்டாப் வித்தியாசம். வேட்டியை மட்டும் காப்பாற்றி எடுத்தால் கண்ணும் புருவமும் இருட்டில் போகும். சரி என்று எடிட்டிங்கில் முகத்தைத் தூக்கினால் சாம்பல் பூசியது போல ஆகும். ஹெச்.டி.ஆர் உண்மையில் எதற்கு என்றால் இதற்குத்தான். அந்த மனிதரின் நிறம் அவருடைய நிறமாகவே தெரிய வேண்டும். வேட்டியின் மடிப்பும் தெரிய வேண்டும். வானத்தில் மேகம் பளபளப்பது அப்புறம்.

ஒரே பெயரில் இரண்டு ஆட்கள்

குழப்பத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் ஹெச்.டி.ஆர் என்ற பெயரில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருப்பது.

ஒன்று, எடுப்பது. இதுவரை பேசியதெல்லாம் அதுதான். அதிக ரேஞ்சைப் பிடித்து, டோன் மேப்பிங் என்ற முறையில் சாதாரணத் திரைக்குள் அமுக்கிக் காட்டுவது.

இரண்டு, காட்டுவது. பழைய திரைத் தரம் சுமார் 100 நிட்ஸ் வெளிச்சத்தை மனதில் வைத்து உருவானது. 2014-ல் எஸ்.டி 2084 என்ற பெயரில் தரமான புதிய முறை 10,000 நிட்ஸ் வரை குறித்துவைக்க இடம் தருகிறது. பி.பி.சி-யும் ஜப்பானின் என்.ஹெச்.கே-யும் சேர்ந்து ஹெச்.எல்.ஜி என்ற இன்னொரு முறையை உருவாக்கின. 2016-ல் இரண்டும் ஒரே சர்வதேசத் தரத்தில் இடம்பெற்றன. டி.வி. பெட்டியில் ஒட்டியிருக்கும் ஹெச்.டி.ஆர் ஸ்டிக்கர் இந்த இரண்டாவது ஆளைச் சொல்கிறது.

முதல் ஆள் இல்லாமல் இரண்டாவது ஆளால் பயனில்லை. வெந்துபோன ஜன்னலை ஹெச்.டி.ஆர் டி.வி.யில் போட்டால் இன்னும் பிரகாசமான வெந்துபோன ஜன்னல்தான் கிடைக்கும். மாறாக, நன்றாக எடுத்த படம் சாதாரணத் திரையிலும் நன்றாகவே இருக்கும். கல்லூரி ஆடிட்டோரியத்தின் பழைய புரொஜக்டரில் ஓடப்போகும் படத்துக்கு டால்பி விஷன் கேட்டு அடம்பிடிப்பது, மாட்டு வண்டிக்கு ஏர்பேக் கேட்பது மாதிரி.

முதல் ஆளிடமும் ஒரு எச்சரிக்கை தேவை. 2000-களின் இரண்டாம் பாதியில் இணையத்தில் ஹெச்.டி.ஆர் புகைப்படங்கள் என்று ஒரு காய்ச்சல் பரவியது. மேகமெல்லாம் அழுக்கு மூட்டை மாதிரி, மரத்தைச் சுற்றி ஒளிவட்டம், ஒவ்வொரு செங்கல்லும் உரக்கக் கத்தும். வீடியோவில் அந்த ருசி இன்னும் ஆபத்து. ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாக டோன் மேப்பிங் செய்தால், ஒரு வெள்ளை வேன் குறுக்கே போகும்போது கணக்கே மாறி மொத்தப் படமும் மினுக்கும். நல்ல ஹெச்.டி.ஆர் வீடியோவைப் பார்த்தால் ஹெச்.டி.ஆர் என்று தோன்றக் கூடாது. கண்ணால் பார்த்தது போல இருந்தால் போதும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

மிக மலிவான வழி, கேமராவின் ரேஞ்சைக் கூட்டுவதற்குப் பதிலாகக் காட்சியின் ரேஞ்சைக் குறைப்பது. அந்த 15 ஸ்டாப் ஜன்னல் கணக்கை மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரத்தை மாற்றுங்கள். மதியம் 12 மணிக்குப் பதிலாக சூரியன் மறைந்த சில நிமிடங்களில் எடுத்தால் வெளியே இருக்கும் வெளிச்சம் நூறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். 6, 7 ஸ்டாப் சும்மா கிடைக்கும். காசு இல்லை, காத்திருப்பு மட்டும்தான். இயற்கை வெளிச்சத்துக்குப் பெயர் பெற்ற பாலு மகேந்திரா போன்றவர்களின் படங்களைப் பார்த்தால், வெளிச்சத்துக்காகக் காத்திருப்பது என்பது ஏழையின் தந்திரமில்லை, தொழிலே அதுதான் என்று புரியும்.

ஜன்னலை மாற்றுங்கள். ஃப்ரேமில் துணி தெரியாதபடி ஜன்னலுக்கு வெளியே மெல்லிய கறுப்பு வலைத்துணி கட்டினால் ஒரு ஸ்டாப் இறங்கும். இரண்டு மடிப்பாகக் கட்டினால் இரண்டு.

முகத்தை மாற்றுங்கள். தமிழ் சினிமா ஷூட்டிங் எதை வேடிக்கை பார்த்திருந்தாலும் ஒருவர் கையில் வெள்ளைத் தெர்மோகோல் பலகை இருந்திருக்கும். ஜன்னலிலிருந்து வரும் ஒளியையே முகத்துக்குத் திருப்பும் வேலை. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அந்தப் பலகையைச் சரியான கோணத்தில் பிடித்தால் முகம் ஒன்றிரண்டு ஸ்டாப் ஏறிவிடும்.

இடத்தை மாற்றுங்கள். நாயகனை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார வைப்பதற்குப் பதில் பக்கவாட்டில் உட்கார வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இவ்வளவும் செய்தால் காட்சி 9, 10 ஸ்டாப்புக்குள் வந்துவிடும். எந்தப் பழைய கேமராவும் இதைத் தாங்கும்.

பிறகு கேமரா. வெந்துபோகும் இடங்களைக் காட்டும் வரிக்கோட்டைப் போட்டுக்கொண்டு, முக்கியமான வெளிச்சம் வேகாத அளவுக்கு எக்ஸ்போஷரை வையுங்கள். டியூப்லைட், சூரியன் இரண்டும் வெந்தால் பரவாயில்லை, நெற்றி வேகக் கூடாது. 10 பிட் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10 பிட்டில் 1024. லாக் முறையில் எடுத்து கிரேடிங்கில் இழுக்கும்போது 8 பிட் வானம் கோடு கோடாகப் பிரிவது இதனால்தான். 8 பிட் கேமராவில் லாக் எடுப்பதைவிட, கான்ட்ராஸ்ட் குறைத்த சாதாரண புரொஃபைலே பல நேரம் நல்லது. கிரேடிங்குக்கு டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பே பெரும்பாலான குறும்படங்களுக்குப் போதும்.

கடைசியாக, கதையைக் கேளுங்கள். ஜன்னலுக்கு வெளியே பார்வையாளன் பார்க்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? நாயகி போகிறாள் என்றால் அந்த ஜன்னலுக்காக என்ன வேண்டுமானாலும் கொடுக்கலாம். ஒன்றுமே இல்லை, வெறும் வெளிச்சம்தான் என்றால் அது வெள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். எல்லாம் தெரிவது மட்டும் நல்ல படம் இல்லை. தெரிய வேண்டியது தெரிந்தால் போதும்.

அடுத்த முறை யூனிட்டில் யாராவது "கேமரா சரியில்ல மச்சி" என்று சொன்னால், தவணை விண்ணப்பத்தை நிரப்புவதற்கு முன்னால் ஒரு தெர்மோகோல் பலகை வாங்கி அவர் கையில் கொடுத்து, ஜன்னலுக்கு எதிரே நிற்கச் சொல்லுங்கள். அதற்கும் ஆகாவிட்டால் அப்புறம் கேமராவைப் பற்றிப் பேசலாம்.